எந்த வண்டிக்கு எந்தப் பெட்ரோல்?

நுழையும்முன்

செம்பூரில் வாழும் மாணவர்கள், மாஹுல் பகுதியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் உயர்ந்த கோபுரங்களை நாள்தோறும் காண்கின்றனர். மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழ்வோர் எண்ணெய் ஏற்றிச் செல்லும் லாரிகளைச் சாலையில் காண்கின்றனர். பெட்ரோல் நிலையத்திலோ ஒரே பெட்ரோல் 95, 97, 99, 100 எனப் பல எண்களுடனும் பல விலைகளுடனும் விற்கப்படுகிறது. இவ்வெண்கள் எதனைக் குறிக்கின்றன? விலை மிகுந்த பெட்ரோலை நிரப்பினால் எல்லா வண்டிகளும் விரைந்து ஓடுமா? ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்று மக்கள் வழங்கும் விரைவு மகிழுந்துக்கு மட்டும் ஏன் தனிவகைப் பெட்ரோல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

மாஹுலில் உருவாகும் பெட்ரோல்

மும்பையின் கிழக்குக் கடலோரத்தில், டிராம்பே தீவாக இருந்த பகுதியில் இரண்டு பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முதல் ஆலை 1954ஆம் ஆண்டிலும், இரண்டாம் ஆலை 1955ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. அக்காலத்தில் அவை அயல்நாட்டு நிறுவனங்களின் உடைமையாக இருந்தன. 1970களில் அவற்றை இந்திய அரசு ஏற்றது. முதல் ஆலை இன்று இந்துஸ்தான் பெட்ரோலியம் நிறுவனத்தினுடையது. இரண்டாவது பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தினுடையது. 1974ஆம் ஆண்டில் மும்பைக்கு மேற்கே அரபிக் கடலின் அடியில் ‘பம்பாய் ஹை’ எண்ணெய் வயல் கண்டறியப்பட்டபின் இவ்வாலைகளின் சிறப்பு மேலும் உயர்ந்தது.

கச்சா எண்ணெயைச் சூடாக்கி உயர்ந்த கோபுரத்தினுள் செலுத்துவர். எளிதில் ஆவியாகும் பொருள்கள் மேலேயும், எளிதில் ஆவியாகாத பொருள்கள் கீழேயும் பிரிந்து நிற்கும். இவ்வாறு பிரிந்து வரும் நாப்தா என்னும் நீர்மம் அப்படியே மகிழுந்துக்கு ஏற்றதன்று. அதனைப் பிளாட்டினம் போன்ற வினையூக்கிகளின் துணையால் வேறு மூலக்கூறுகளாக மாற்றுவர். வேறு பிரிவுகளில் உருவான பொருள்களையும் அதனுடன் சேர்ப்பர். ஆகவே, பெட்ரோல் என்பது ஒரே பொருள் அன்று. அது நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. கலக்கும் முறை மாறினால் அதன் பண்பும் மாறும். அப்பண்புகளுள் முதன்மையான ஒன்றைத்தான் பெட்ரோல் நிலையத்தில் காணும் எண் நமக்குத் தெரிவிக்கிறது.

உருளைக்குள் நிகழ்வது என்ன?

பெட்ரோல் இயந்திரத்தின் உள்ளே உருளைகள் உண்டு. ஒவ்வோர் உருளையினுள்ளும் பிஸ்டன் மேலும் கீழும் இயங்கும. 1876ஆம் ஆண்டில் ஜெர்மானியரான நிக்கோலஸ் ஓட்டோ உருவாக்கிய முறையே இன்றளவும் பின்பற்றப்படுகிறது. அது நான்கு படிகளைக் கொண்டது. முதற்படியில் காற்றும் பெட்ரோலும் உருளைக்குள் நுழைகின்றன. இரண்டாம் படியில் பிஸ்டன் மேலெழுந்து அக்கலவையை அழுத்துகிறது. மூன்றாம் படியில் ஸ்பார்க் பிளக் தீப்பொறியைத் தர, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காம் படியில் எரிந்த புகை வெளியேறுகிறது.

இரண்டாம் படியைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். பிஸ்டன் கீழே இருக்கும்போது அதன் மேலுள்ள இடம் 550 கன சென்டிமீட்டர் என்றும், மேலே எழுந்தபின் எஞ்சும் இடம் 50 கன சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். 550ஐ 50ஆல் வகுத்தால் 11 கிடைக்கும். இதனை 11:1 என்று எழுதுவர். இதற்கு அமுக்க விகிதம் என்று பெயர். அமுக்க விகிதம் உயர உயர, அதே அளவு பெட்ரோலிலிருந்து மிகுதியான உழைப்பைப் பெறலாம். விரைவு மகிழுந்தை வடிவமைப்போர் உயர்ந்த அமுக்க விகிதத்தை நாடுவது இதனால்தான்.

வேறொரு வழியும் உண்டு. வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்போ என்னும் கருவி, மிகுதியான காற்றை உருளைக்குள் திணிக்கும். காற்று மிகுந்தால் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம்; ஆற்றலும் பெருகும். இவ்விரு வழிகளிலும் உருளைக்குள் அழுத்தமும் வெப்பமும் உயர்கின்றன. மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை நீங்கள் தொட்டு உணர்ந்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் வெப்பம் உயரும் என்பதற்கு அதுவே சான்று.

தட்டல் என்னும் கேடு

தீப்பொறி தோன்றியதும் நெருப்பு உருளையின் ஓரிடத்திலிருந்து மற்ற இடங்களுக்குச் சீராகப் பரவ வேண்டும். ஆனால் அழுத்தமும் வெப்பமும் அளவு கடந்தால், நெருப்பு வந்து சேரும் முன்னரே மூலையில் எஞ்சியுள்ள கலவை தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். அப்போது அழுத்த அலைகள் தோன்றி உருளையின் சுவர்களைத் தாக்கும். உலோகத்தைச் சிறு சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை எழும். இதனைத் தட்டல் என்பர். பட்டறைகளில் ‘நாக்கிங்’ என்று வழங்குவர்.

கடுமையான தட்டல் நீடித்தால் பிஸ்டனின் தலைப்பகுதி அரிக்கப்படும். சில வேளைகளில் உடைந்தும் போகும். சாதாரண வண்டியிலும் இக்கேடு நேரலாம். எனினும் விரைவு மகிழுந்தின் இயந்திரம் தன் எல்லையை ஒட்டியே இயங்குவதால் அதற்கு ஆபத்து மிகுதி. கடுங்கோடை வெயில், வண்டி நிறையச் சுமை, கண்டாலா மலைப்பாதை போன்ற ஏற்றம் ஆகியவை சேர்ந்தால் தட்டல் மேலும் எளிதில் தோன்றும்.

ஆக்டேன் எண் பிறந்த கதை

ஒரு பெட்ரோல் தட்டலை எவ்வளவு தாங்கும் என்பதை அளக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. 1920களில் அமெரிக்க வேதியியலாளர் கிரகாம் எட்கர் அதற்கு வழி கண்டார். அவர் இரண்டு நீர்மங்களைத் தேர்ந்துகொண்டார். ஐசோ ஆக்டேன் தட்டலை நன்கு தாங்கக்கூடியது. அதற்கு 100 என மதிப்பிட்டார். ஹெப்டேன் மிக எளிதில் தட்டலை உண்டாக்கும். அதற்குச் சுழி என மதிப்பிட்டார். தூய ஹெப்டேனை அக்காலத்தில் ஒருவகைப் பைன் மரத்தின் பிசினிலிருந்து வடித்தெடுத்தனர் என்பது வியப்பான செய்தி.

ஒரு பெட்ரோலின் ஆக்டேன் எண் 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த நீர்மம் எவ்வளவு தட்டலைத் தாங்குமோ, அவ்வளவே அந்தப் பெட்ரோலும் தாங்கும் என்பது பொருள். அந்தப் பெட்ரோலில் 91 விழுக்காடு ஆக்டேன் உள்ளது என்று பொருள் கொள்ளுதல் தவறு. ஒற்றை உருளை கொண்ட தனிவகைச் சோதனை இயந்திரத்தில் இதனை அளப்பர். இயந்திரம் நிமிடத்திற்கு 600 சுற்றுகள் சுழலும்போது மென்மையான நிலையில் அளப்பது ஒரு முறை. 900 சுற்றுகளில் கடுமையான நிலையில் அளப்பது மற்றொரு முறை. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெட்ரோல் நிலையங்களில் காணும் எண் முதல் முறையில் கிடைப்பது. அமெரிக்காவில் இரண்டு முறைகளின் சராசரியைக் குறிப்பர். எனவே அங்கே 91 என எழுதப்பட்டுள்ள பெட்ரோல் நம் நாட்டு அளவில் ஏறத்தாழ 95 அல்லது 96க்கு ஒப்பாகும். அயல்நாட்டு வண்டியின் கையேட்டைப் படிப்போர் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

ஆட்டோவும் விரைவு மகிழுந்தும்

ஆக்டேன் எண் உயர்ந்தால் வேகமும் உயரும் என்று பலர் எண்ணுகின்றனர். ‘ஸ்பீட்’, ‘பவர்’ என்னும் விற்பனைப் பெயர்கள் அவ்வெண்ணத்தை வளர்க்கின்றன. உண்மை வேறு.

மும்பையின் ஆட்டோக்கள் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவால் ஓடுகின்றன. அவ்வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். அதன் ஆக்டேன் எண் ஏறத்தாழ 120. செம்பூர் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் ஆட்டோவின் எரிபொருள், கோடிக்கணக்கில் விலை பெறும் விரைவு மகிழுந்தின் பெட்ரோலைவிட ஆக்டேன் எண்ணில் உயர்ந்தது! ஆயினும் ஆட்டோ அந்த மகிழுந்தை முந்துவதில்லை. ஏன்? ஆக்டேன் எண் என்பது எரிபொருளில் உள்ள ஆற்றலின் அளவு அன்று. அழுத்தத்தைத் தாங்கும் பொறுமையின் அளவு. அப்பொறுமையைப் பயன்படுத்திக்கொள்ளும் இயந்திரம் இருந்தால்தான் பயன் விளையும்.

எத்தனால் இதற்கு இன்னுமொரு சான்று. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் பெறப்படும் இந்நீர்மத்தின் ஆக்டேன் எண் 100ஐ விட உயர்ந்தது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனால் தரும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேன் எண் வேறு, ஆற்றல் வேறு என்பது இதனால் தெளிவாகும்.

ஈயம் தந்த பாடம்

ஆக்டேன் எண்ணை உயர்த்த மனிதர் ஒருகாலத்தில் தேர்ந்த குறுக்குவழி பெருங்கேடாக முடிந்தது. 1921ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் சிறிதளவு கலந்தால் தட்டல் நின்றுவிடும் என்று கண்டார். அதன் விலையும் குறைவாக இருந்தது. ஆனால் ஈயம் நஞ்சு. அச்சேர்மத்தைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் பலர் இறந்தனர். வண்டிகளின் புகை வழியே காற்றில் கலந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கியது.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மும்பை, சென்னை, தில்லி, கொல்கத்தா ஆகிய நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமானது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாட்டின் எல்லா இடங்களிலும் அதுவே விற்கப்பட்டது. உலகில் இறுதியாக அல்ஜீரியா 2021ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோலின் விற்பனையை நிறுத்தியது. உங்கள் பெற்றோர் சிறுவயதில் மூச்சுவிட்ட சாலைக் காற்றில் ஈயம் இருந்தது. நீங்கள் மூச்சுவிடும் காற்றில் பெட்ரோல் வழியே வரும் ஈயம் இல்லை. இயந்திரத்திற்கு நன்மை பயப்பது மனிதருக்கும் நன்மை பயக்குமா என்று கேட்பதும் எரிபொருள் தேர்வின் ஒரு பகுதியே.

இன்று கிடைக்கும் வகைகள்

நம் நாட்டில் சாதாரணப் பெட்ரோலுக்குரிய குறைந்த அளவு ஆக்டேன் எண் முன்பு 88ஆக இருந்தது. பின்னர் அது 91ஆக உயர்ந்தது. இன்று 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக விற்கப்படுகிறது. அதற்கு விதிக்கப்பட்டுள்ள அளவு 95. இவற்றுக்கு மேலாக எக்ஸ்பி95, ஸ்பீட் 97, பவர் 99, எக்ஸ்பி100 போன்ற உயர்வகைப் பெட்ரோல்களும் உள்ளன. இந்தியன் ஆயில் நிறுவனம் மதுராவில் உள்ள தன் ஆலையில் தயாரித்த 100 ஆக்டேன் பெட்ரோலை 2020ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. முதற்கட்டமாக அது விற்பனைக்கு வந்த நகரங்களுள் மும்பையும் ஒன்று. எல்லா வகைகளும் எல்லா நிலையங்களிலும் கிடைப்பதில்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

விரைவு மகிழுந்துக்கு உரிய பெட்ரோலைத் தேர்ந்தெடுக்கப் பின்வரும் படிகள் உதவும்.

முதலாவது, வண்டியின் கையேட்டையும் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் உள்ள குறிப்பையும் படிக்க வேண்டும். இயந்திரத்தை வடிவமைத்தவர் பல மாதங்கள் சோதித்து எழுதிய எண் அங்கே இருக்கும். நண்பர் கூறும் எண்ணைவிட அதுவே நம்பத்தக்கது.

இரண்டாவது, ‘குறைந்த அளவு’, ‘பரிந்துரை’ ஆகிய இரு சொற்களை வேறுபடுத்தி அறிய வேண்டும். ‘குறைந்த அளவு 95, பரிந்துரை 98’ என்று ஒரு கையேடு கூறுவதாகக் கொள்வோம். 95 இட்டால் வண்டி ஓடும். ஆனால் முழு ஆற்றல் கிட்டாது. 97 இட்டால் பரிந்துரையை நெருங்கலாம். 99 அல்லது 100 இட்டால் பரிந்துரை நிறைவேறும். 91 இடுதல் கூடவே கூடாது.

மூன்றாவது, அந்த வண்டி எவ்வளவு எத்தனாலை ஏற்கும் என்று அறிய வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றின் ரப்பர்க் குழாய்களுக்கும் அடைப்பான்களுக்கும் மிகுதியான எத்தனால் ஒவ்வாது. ஆக்டேன் எண் பொருந்தினாலும் எத்தனால் அளவு பொருந்தாமல் போகலாம். ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, பெட்ரோலின் புதுமையைக் கருத வேண்டும். விரைவு மகிழுந்துகள் பல நாள்கள் ஓடாமல் நிற்பதுண்டு. நெடுநாள் தேங்கிய பெட்ரோல் கெடும்; எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்கும். மழைக்காலம் நீண்ட மும்பையில் இது கருதத்தக்கது. விற்பனை மிகுந்த நிலையத்தில் தேவையான அளவு மட்டும் நிரப்புவது நன்று.

ஐந்தாவது, உரிய பெட்ரோல் கிடைக்காதபோது செய்ய வேண்டியதை அறிந்திருக்க வேண்டும். இக்கால வண்டிகளில் தட்டலை உணரும் கருவி உண்டு. தட்டல் தொடங்கியதும் அது தீப்பொறி தோன்றும் நேரத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி இயந்திரத்தைக் காக்கும். அக்காவலுக்கும் எல்லை உண்டு. எனவே குறைந்த அளவு மட்டும் பொருந்தும் பெட்ரோலை இட்டபோது மிகு வேகத்தையும் கடும் ஏற்றத்தையும் தவிர்த்து, அடுத்த முறை உரிய வகையை நிரப்ப வேண்டும்.

நம் மக்களுள் பலர் பிறருடைய வண்டிகளை ஓட்டும் ஓட்டுநர்களாகப் பணிபுரிகின்றனர். உரிமையாளர் வண்டியில் இல்லாதபோது எரிபொருள் நிரப்பும் பொறுப்பு அவர்களுடையது. தவறான வகையை நிரப்பினால் இயந்திரத்தின் பழுதுக்கு அவர்களே விடை கூற நேரும். ஆகவே வகையின் பெயரை உரத்துச் சொல்லுதல், அளவியில் சுழி இருப்பதைக் காணுதல், ரசீது பெறுதல் ஆகிய மூன்றும் அவர்களுக்குக் காப்பாகும். பெட்ரோல் வண்டியில் டீசல் இடப்பட்டதை அறிந்தால், வண்டியை இயக்காமல் அங்கேயே நிறுத்தி, தொட்டியைக் காலி செய்ய வேண்டும்.

சாதாரண வண்டிக்கு உயர்வகை வேண்டுமா?

சாதாரணப் பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்ட வண்டியில் 100 ஆக்டேன் பெட்ரோலை நிரப்பினால் கேடு ஒன்றும் இல்லை. பெரும்பாலும் பயனும் இல்லை. அவ்வண்டியில் தட்டல் முன்பே இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு? ஒரு லிட்டருக்கு 8 ரூபாய் மிகுதி என்றும், மாதத்திற்கு 60 லிட்டர் தேவை என்றும் கொள்வோம். மாதத்திற்கு 480 ரூபாயும் ஆண்டிற்கு 5,760 ரூபாயும் வீணாகச் செலவாகும். உழைத்து வாழும் குடும்பத்திற்கு அத்தொகை சிறிதன்று. 100 ஆக்டேன் பெட்ரோலின் விலை வேறுபாடோ இதனைவிடப் பன்மடங்கு.

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005ஆம் ஆண்டில் பார்முலா 1 பந்தயத்தில் வண்டி ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். உலகின் மிக விரைந்த வண்டிகள் ஓடும் அப்பந்தயத்திலும் எரிபொருளை விருப்பம்போல் இட இயலாது. அதன் பண்புகளுக்கு விதிகள் உண்டு. விதிக்கு உட்பட்டு இயந்திரத்துக்கு இசைந்த எரிபொருளைத் தேர்வதே அங்கும் திறமையாகக் கருதப்படுகிறது.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. தொட்டியில் ஊற்றும் பெட்ரோலுக்கும் அது பொருந்தும். விலை உயர்ந்தது எல்லாம் சிறந்தது என்று எண்ணாமல், எதற்கு எது பொருந்தும் என்று ஆராய்ந்து அறிவதே அறிவுடைமை. அடுத்த முறை பெட்ரோல் நிலையத்தில் ஓர் எண்ணைக் காணும்போது, அது வேகத்தின் எண் அன்று, தாங்கும் திறனின் எண் என்பதை உங்கள் வீட்டாருக்கு எடுத்துக் கூறுங்கள்.

சொல்லும் பொருளும்

உருளை – பிஸ்டன் இயங்கும் உலோகக் கூடு
அமுக்க விகிதம் – கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்னும் கணக்கு
தட்டல் – கலவை தானே தீப்பற்றுவதால் எழும் ஓசை
வினையூக்கி – வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
சேர்மம் – தனிமங்கள் இணைந்து உருவாகும் பொருள்
சுழி – பூச்சியம்

பயிற்சி

1. ஆக்டேன் எண் 95 என்பதன் பொருளை உம் சொற்களில் எழுதுக.
2. ஓர் உருளையில் பிஸ்டன் கீழே இருக்கும்போது 600 கன சென்டிமீட்டர் இடமும், மேலே எழுந்தபின் 50 கன சென்டிமீட்டர் இடமும் உள்ளன. அமுக்க விகிதம் யாது?
3. ஆட்டோவின் எரிபொருள் விரைவு மகிழுந்தின் பெட்ரோலைவிட உயர்ந்த ஆக்டேன் எண் கொண்டது. ஆயினும் ஆட்டோ மெதுவாக ஓடுவது ஏன்?
4. பெட்ரோலில் ஈயம் கலப்பது ஏன் நிறுத்தப்பட்டது?
5. உம் வீட்டில் அல்லது அண்டை வீட்டில் உள்ள ஒரு வண்டியின் கையேட்டைக் கண்டு, அதற்குரிய பெட்ரோல் வகையைக் குறித்து ஐந்து தொடர்கள் எழுதுக.